கோதாவரி தீர்த்தம்

"இன்னாடா சுதாகரு, ஃப்ரிட்ஜ்ல பாட்டிலு?"

போளூரிலிருந்து சொல்லாமல் வந்து நின்ற அம்மா கெங்கம்மாள் கேட்டதும் சுதாகருக்கு வியர்த்தது. கோதாவரிக் கரையிலிருக்கும் நாசிக்கில் நடந்த கண்காட்சிக்கு ஆரணிப் பட்டு கொண்டுபோனவன், சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்த வெள்ளை ஒயின் அது. நல்லவேளை, லேபிளை அன்றைக்கே கிழித்துவிட்டான்.

"கோதாவரி தீர்த்தம்மா."

அம்மா பாட்டிலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "மீன் வச்ச ஃப்ரிட்ஜ்லயா தீர்த்தத்த வைப்பாங்க? பூஜை ரூம்ல வைடா."

வைத்தான். சித்திரை வெயிலில் பூஜை அறை கொதித்தது. வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்த மனைவி சரண்யா, "காலைலேர்ந்து சில்லுனு ஆக்கி வச்சேங்க. எல்லாம் போச்சு" என்று அவன் காதில் முனகினாள்.

"அம்மா, அது சூடாகக்கூடாதும்மா."

"ஏன், தீர்த்தம் கெட்டாப் போயிடும்?"

"இல்ல... குளிர்ச்சியா இருந்தாதான் அதுக்கு சக்தி."

கெங்கம்மாளால் அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஜல்தி எடுத்தாந்து ஐஸ்ல வைடா. மூணு டம்ளர் எடு."

மீன் துண்டை மென்றபடி ஒரு வாய் குடித்தவள் சப்புக்கொட்டினாள். "லேசா புளிப்பு. மீன்மேல எலுமிச்சம்பழம் பிழிஞ்ச மாதிரி கீது."

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"போன மாசம் ஷீரடி டூர்ல, நாசிக்ல பஸ்ஸு நின்னுச்சு. இதே பாட்டில் நானும் ஒண்ணு வாங்கியாந்தேன்."

"அப்பா ஒண்ணும் சொல்லலையா?"

"தீர்த்தம்னு சொல்லி வச்சிருக்கேன். ஃப்ரிட்ஜைத் தொறக்கும்போதெல்லாம் கன்னத்துல போட்டுக்கிறாரு."