ஆர்லோவின் அரிப்பு

"இன்னிக்கே அந்த நாய் இங்கேருந்து போகணும்! இல்லேன்னா வீட்டுச் சொந்தக்காரருக்குப் போன் பண்ணிடுவேன்!"

ஞாயிறு ஆராதனை முடிந்து, லோர்னா வீட்டு வாசலில் காபியோடு உட்கார்ந்திருந்தோம். பக்கத்து வீட்டு ஆர்லோ, கையைச் சொறிந்துகொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்தினார்.

லோர்னாவின் முகம் வெளுத்துப் போனது. வாடகை வீடு. கணவர் போன பிறகு அவளுக்குத் துணை என்றால் அந்த நாய் பட்டன் மட்டும்தான்.

"அவன் என்ன பண்ணினான், ஆர்லோ?"

"பாரு! கையில ஆரம்பிச்சுக் கழுத்து, கன்னம்னு பரவுது. உன் நாயோட சொறிதான், வேறென்ன?"

"பட்டனுக்குச் சொறியே இல்லையே..."

எங்களோடு இருந்த நர்ஸ் டார்லீன் எழுந்து வேலியருகே போனாள்.

"சோப்பு மாத்தினீங்களா?"

"இல்லை."

"புது மாத்திரை? இறால் கிறால் சாப்பிட்டீங்களா?"

"எனக்கு ஒத்துக்காதது ஒண்ணே ஒண்ணுதான். நாய்!"

டார்லீன் அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். கோடு கோடாகச் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம்.

"இது சொறி இல்லை, பெரியவரே. ஓடைக்கரையில மூணு மூணு இலையாப் படருமே, அந்த விஷக்கொடி பட்டா வர்ற அரிப்பு."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டு நான் ஓடைப் பக்கம் போய் வருஷக் கணக்காச்சு!"

"நீங்க போகலை. பட்டன் தினமும் போறான். கொடியோட பிசின் அவன் ரோமத்துல ஒட்டிக்கும். அவனுக்கு ஒண்ணும் ஆகாது, அவனைத் தொடறவங்களுக்குத்தான் அரிக்கும். லோர்னா, உன் கையைக் காட்டு."

லோர்னாவின் மணிக்கட்டிலும் அதே கோடு.

"அந்த நாயை நான் விரலால்கூடத் தொட்டதில்லை!" என்றார் ஆர்லோ.

"அப்போ ரெண்டு கையிலயும், கழுத்துலயும், கன்னத்துலயும் எப்படி வந்துச்சு?"

அதற்குள் பட்டன் வேலி இடுக்கில் நுழைந்து ஓடி, நேராக ஆர்லோவின் கால்சட்டைப் பைக்குள் மூக்கை விட்டது. உள்ளே பிஸ்கட் நொறுங்கும் சத்தம்.

நாங்கள் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்கப் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.

"அந்தப் போன்...?" என்றாள் லோர்னா, பயந்துகொண்டே.

ஆர்லோ தரையைப் பார்த்தார்.

"கையுறை போட்டுக்கிட்டுக் குளிப்பாட்டு. காதுக்குப் பின்னால மட்டும் நல்லாத் தேய்ச்சு விடு, லோர்னா... நான் முத்தம் குடுக்கிற இடம் அதுதான்."