கிளாட்வின் வளர்த்த சிலந்தி

கண்ணாடி டப்பாவைத் துடைக்கும்போது, அதில் கணவன் கிளாட்வின் ஆசையாக வளர்த்த குதிக்கும் சிலந்தி பிரிஸ்கில்லாவின் கையில் தாவியது. பயத்தில் துடைப்பத்தால் அடித்துக் கொன்றுவிட்டாள். செத்ததைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

"ஓடிப்போச்சுங்க" என்றாள் அவன் வந்ததும். அவன் சாப்பிடாமல் வீடெல்லாம் தேடினான். அவளும் கூடவே குனிந்து கட்டிலுக்கடியில் தேடினாள்.

மறுநாள் காலையில், "பிரிஸ்கில்லா, நம்ம சிலந்தி வந்துட்டாடி!" என்று கிளாட்வின் கூப்பிட்டான். ஓடிப்போய்ப் பார்த்தாள். டப்பா காலியாக இருந்தது. அவன் சிரித்த முகத்தோடு ஓர் ஈயை உள்ளே விட்டான். பறந்த ஈ நடுவில் அப்படியே நின்றது. இறகு துடித்து அடங்கியது, கீழே விழவில்லை.

"பாவம், எவ்ளோ பசி."

"ஏங்க, நான் நேத்து..." என்று ஆரம்பித்தாள்.

"உன் குரல் கேட்டதும் திரும்பறா பாரு."

அந்தரத்தில் நின்ற ஈ மெதுவாக பிரிஸ்கில்லா பக்கம் திரும்பியது.