கணக்குல அரை மணி நேரம்

“உங்க பொண்ணு என்ன எழுதி வெச்சிருக்கா, நீங்களே பாருங்க.”

கணக்கு டீச்சர் பானுமதி நீட்டிய விடைத்தாளை லூர்து மேரி வாங்கினாள். ‘நாளைக்கு அம்மாவோடதான் வரணும்’ என்று டீச்சர் சொன்னதாக, ஏழாவது படிக்கும் மகள் பிளசி வந்து சொன்னதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

கேள்வி இதுதான்: சேலம் விமான நிலையத்திலிருந்து கொச்சி விமான நிலையம் 250 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர். போய்ச் சேர எவ்வளவு நேரம்?

‘அரை மணி நேரம்’ என்று எழுதிய பிளசி, கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘கணக்குப்படி இது சரி. ஆனால் நிஜத்தில் ஒரு மணி நேரம் ஆகும். எங்கம்மாவைக் கேளுங்கள்.’

லூர்து மேரிக்கு முகம் சுண்டிப்போனது. பக்கத்தில் நின்ற மகளிடம் திரும்பினாள்.

“டீச்சருக்கே பாடம் சொல்றியா? மன்னிப்புக் கேளுடி!”

“தப்பா எழுதலயேம்மா.”

“அவளை விடுங்க” என்றார் டீச்சர். “நீங்க விமானத்துல போயிருக்கீங்களா?”

“இல்லீங்க. சேலம் ஏர்போர்ட்டுல கூட்டித் தொடைக்கற வேலைங்க.”

குரல் உள்ளே போய்விட்டது. ஏழு வருஷமாகத் தொப்பூரில் பஸ் ஏறிப் போய் வருகிறாள். ஊரில் யார் கேட்டாலும் ‘ஏர்போர்ட்டுல வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். மகளையும் வெளியில் அப்படியே சொல்லச் சொல்லியிருந்தாள்.

“அப்புறம் நேரம் எப்படித் தெரியும்?”

“கொச்சி விமானம் வந்து ஆளுங்க எறங்குனதும் நாங்க ஏறி சீட்டெல்லாம் தொடைப்போங்க. அது திரும்பிப் போய் அங்க எறங்கிட்டா ஆபீஸ்ல சொல்வாங்க. அப்ப கடிகாரத்தப் பாப்பேன். ஒருநாளும் அரை மணியில எறங்குனதில்லீங்க.”

“ஏன்?”

“மொதல்ல தரையில மெதுவா ஊர்ந்து போவணும். மேல ஏறறப்பயும் கீழ எறங்கறப்பயும் அந்த ஐந்நூறு வேகம் வராதுங்க. அங்க எறங்க எடம் இல்லீன்னா மேலயே சுத்திக்கிட்டு இருக்கணும். ஒருதரம் பைலட்டு சாரையே நிறுத்திக் கேட்டுட்டேங்க.”

சொல்லச் சொல்ல அவள் குரல் நிமிர்ந்தது. சட்டென்று நினைவு வந்தவளாய்க் கும்பிட்டாள்.

“ஏதோ தெரியாம எழுதிட்டா. மன்னிச்சுக்கோங்க டீச்சர்.”

“மன்னிப்புக் கேக்கவா உங்களக் கூப்பிட்டேன்? நேத்து கிளாஸ்ல ‘எங்கம்மா விமானத்தச் சுத்தம் பண்றாங்க’ன்னு இவ எழுந்து நின்னு சொன்னா. நாலஞ்சு பேரு சிரிச்சாங்க. இவ தலையே குனியல.”

லூர்து மேரி மகளைப் பார்த்தாள். கண் கலங்கி, பிளசியின் முகம் சரியாகத் தெரியவில்லை.

பானுமதி டீச்சர் ஒரு சாக்பீஸை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“வாங்க. இப்ப எனக்கு ஏழாங்கிளாஸ்லதான் பாடம். சொன்னத அப்படியே அங்க சொல்லுங்க. நானும் பிள்ளைங்களோட உக்காந்து கேட்டுக்கறேன்.”