இரண்டு விசில்

புது ஆய்வு எது வந்தாலும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து ஓட்டை தேடுகிறவர் அவசரப் பிரிவு டாக்டர் செண்பகவல்லி. இந்த ஒன்றில் மட்டும் மூன்று வாரமாகத் தேடியும் கிடைக்கவில்லை. இதயம் தறிகெட்டு ஓடினால் எடுத்த எடுப்பில் மருந்து வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சைக் கொடுத்து ஊதச் சொல், உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கு என்றது அது. அன்று மத்தியானம் டவுன் பஸ் கண்டக்டர் சவரிமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாடி நூற்றுத் தொண்ணூறு. "உள்ள இருக்கிற தண்டு நகர்ற மாதிரி ஊதுங்கண்ணே" என்று சிரிஞ்சை நீட்டினார் டாக்டர். பழக்கதோஷத்தில் சவரிமுத்து வெடுக்கென்று இரண்டு தடவை ஊதினார். நாடி இறங்கவில்லை. "அது வண்டி கிளம்புறதுக்கு. நிக்கிறதுக்கு எப்படி ஊதுவீங்க?" "நீளமா ஒண்ணு, டாக்டரம்மா." "அதுதான் வேணும். நான் போதும்ங்கிற வரைக்கும்." முகம் சிவக்க ஊதினார். பதினைந்து எண்ணியதும் படுக்கவைத்தார்கள்; நர்ஸ் எஸ்தர் காலைத் தூக்கிப் பிடித்தாள். இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் துள்ளிக்கொண்டிருந்த கோடு சட்டென்று தட்டையானது. ஒரு நொடி. இரண்டு நொடி. படுத்தபடியே திரையைப் பார்த்த சவரிமுத்து சிரிஞ்சை வாயில் வைத்து, சின்னதாக இரண்டு தடவை ஊதினார். கோடு எழுந்து, எழுபத்தெட்டில் நிதானமாக ஓடத் தொடங்கியது. எஸ்தர் சிரிப்பை அடக்கமாட்டாமல் பிடித்திருந்த காலை விட்டுவிட்டாள். செண்பகவல்லி ஆய்வுத்தாளை விரித்து, அந்தக் கடைசி இரண்டு ஊதலை எங்கே எழுதுவதென்று தெரியாமல், மூடி திறந்த பேனாவோடு வெகுநேரம் நின்றார்.