ஏறாத மோதிரம்

ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக் குழாயடியில் பனி இன்னும் விலகவில்லை. தேவாலயத்தில் தன் கல்யாண நாள் நினைவுப் பூசைக்குக் கிளம்பிய தம்பி ராய்ஸ்டன், விரலில் சோப்பு நுரையைத் தேய்த்துத் தேய்த்துக் கல்யாண மோதிரத்தை ஏற்றப் பார்க்கிறான். "போன வருசம் சரியா இருந்துச்சுலா. இப்ப காலுக்குச் சப்பாத்தும் பத்தல," என்று சிரிக்கிறான். "அப்படியே உங்கப்பா கை," என்கிறாள் அம்மா லூர்தம்மாள் பெருமையாக. அந்தக் கையோடுதான் அப்பா நாற்பத்தாறு வயதில் போய்ச் சேர்ந்தார். மூளைக்கு அடியிலிருக்கும் சுரப்பி வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் சுரந்து கைகால்களைப் பருக்கவைக்கும் பரம்பரைக் கோளாறைத்தான் அக்கா சிந்தியா இருபது வருடமாக ஆராய்கிறாள். முன்பின் தெரியாதவர்களிடம் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கிறவள், நுரை வழியும் இந்தக் கையைத் தொடாமல் நிற்கிறாள். முதுகுக்குப் பின்னால் தன் மோதிரத்தை மெல்லத் திருகிப் பார்க்கிறாள். அது தளர்வாகச் சுழல்கிறது.