வியாழக்கிழமை ஜோடி

"சாதனா, அந்த ரெண்டு பேருக்கும் அடுத்த வாரத்திலேர்ந்து டைம் கிடையாதுன்னு சொல்லிடப் போறேன்" என்றாள் வாலாம்பாள்.

செம்பூரில் சாதனா நடத்தும் மனநல ஆலோசனை மையத்தில் வரவேற்பு, ஃபோன், சாவிக்கொத்து எல்லாம் வாலாம்பாள்தான். வியாழக்கிழமைகளில் அங்கே தீயணைப்பு வீரர்கள், போலீஸ்காரர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு மட்டும் ஆலோசனை. இலவசம்.

"யாரைச் சொல்றீங்க ஆண்ட்டி?"

"வேற யாரு? தாராவி ஆம்புலன்ஸ் ஜோடி. டிரைவர் ஜெப்ரி, அட்டெண்டர் பிரம்மநாயகம். வந்து உக்காந்தா வடாபாவ் வாசனையும் சிரிப்புச் சத்தமும்தான். ஒரு ஃபயர்மேன் மூணு வாரமா வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கார். இவா என்னடான்னா ஜாலியா ஏசி காத்து வாங்கிண்டு டைம்பாஸ் பண்றா!"

சாதனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள். உள்ளே கேட்டதை வெளியே சொல்லும் வழக்கம் அவளுக்குக் கிடையாது.

"ஃபயர்மேனுக்கு சாயந்திரம் நான் கூடுதலா இருந்து பாக்கறேன். இவங்களை விட்டுடுங்க. ஜானே தோ ஆண்ட்டி."

வாலாம்பாள் விடுவதாக இல்லை.

பதினோரு மணிக்கு இருவரும் வந்தார்கள். கையில் வடாபாவ் பொட்டலம். உட்காரும்போதே பிரம்மநாயகம் ஆரம்பித்துவிட்டார்.

"ஏல ஜெப்ரி, நேத்து லேபர் கேம்ப் முக்குல ஒரு பெரியவர் நின்னுக்கிட்டிருந்த நம்ம வண்டிகிட்ட வந்தாரு. நீ டீசல் ஸ்லிப் வாங்கப் போயிருந்த நேரம், என்ன கேட்டாரு தெரியுமா? 'சயான் ஸ்டேஷன் போகுமா?'ன்னாரு. 'இது ஆம்புலன்ஸ் அண்ணாச்சி, சீட்டெல்லாம் கிடையாது'ன்னேன். 'அதுனால என்ன, படுத்துக்கிட்டே வாரேன்'ங்காரு!"

ஜெப்ரிக்குப் புரையேறியது. பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்த மராத்தி போலீஸ்காரர்கூட, மொழி புரியாமலே சிரித்துவிட்டார்.

வாலாம்பாள் பேனாவால் மேஜையைத் தட்டினாள்.

"பிரம்மநாயகம், உள்ள போங்கோ."

அவர் உள்ளே போனார். கதவு சாத்தியதும் ஜெப்ரியின் முகத்திலிருந்த சிரிப்பு வடிந்துவிட்டது. பாதி வடாபாவைக் காகிதத்தில் சுற்றி வைத்தார்.

"இங்க பாருங்கோ" என்றாள் வாலாம்பாள். "இது கேன்டீன் இல்லை. நிஜமா கஷ்டப்படறவா காத்துண்டிருக்கா. அடுத்த வாரத்திலேர்ந்து உங்க ரெண்டு பேருக்கும் டைம் கிடையாது."

ஜெப்ரி பதறி எழுந்து வந்தார்.

"மாமி, அப்படிச் செஞ்சிராதீங்க! நாயகத்துக்காகத்தான் மாமி வாரோம். ஜூலை மழையில ஒரு வீட்டுச் சுவர் விழுந்துச்சு. நாலு வயசுப் புள்ள. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள அவன் மடியிலயே போயிருச்சு. அன்னையில இருந்து சோத்துல கை வைக்க மாட்டேங்கான். கையக் கழுவுதான், கழுவுதான், கழுவிக்கிட்டே நிக்கான். வேலைய விடுதேன்னு லெட்டரே எழுதிட்டான். இங்க நாலு வாரம் வந்த பொறவுதான் அதக் கிழிச்சுப் போட்டான்."

வாலாம்பாளின் குரல் இறங்கியது. "அப்போ இந்தச் சிரிப்பு, கும்மாளம்?"

"அவன் சொல்லுத ஜோக்குக்கு நான் விழுந்து விழுந்து சிரிச்சாத்தான் அவனுக்குத் தெம்பு வரும். இல்லன்னா வாசலோட திரும்பிருவான். வடாபாவும் அதுக்குத்தான். நான் தின்னா, கூட ஒரு வாய் திங்கான்."

"நீங்களும்தானே உள்ள போறேள்?"

"போகாம? தனியாப் போனா 'எனக்கு மட்டும் கோட்டி பிடிச்சிட்டா, நான் என்ன பைத்தியமா'ம்பான். அதான் நானும் அரைமணி நேரம் உக்காந்துட்டு வாரேன். அவன்ட்ட சொல்லிராதீங்க மாமி."

வாலாம்பாள் தலையை ஆட்டினாள். அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. பிரம்மநாயகம் கண்ணைத் துடைத்தபடி வந்தார். முகம் மட்டும் மழை விட்ட மாதிரி தெளிந்திருந்தது. "போ, மேடம் கூப்பிடுதாவ" என்று ஜெப்ரியின் தோளில் தட்டி உள்ளே அனுப்பினார்.

வாலாம்பாள் தானே எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிங்கோ. மனசைப் போட்டு அலட்டிக்காதீங்கோ. கொஞ்சம் கொஞ்சமா எல்லாம் சரியாயிடும்."

"ஆமா மாமி. இப்பமே எவ்வளவோ தேறிட்டான்."

"யாரு?"

பிரம்மநாயகம் மூடிய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குனிந்து, ரகசியமாகச் சொன்னார்.

"ஜெப்ரிதான். மழையில ஒரு புள்ளையத் தூக்கிட்டுப் போனோம். சயான்ல செம டிராபிக். 'ரெண்டு நிமிஷம் முந்திப் போயிருந்தா பொழச்சிருக்கும்ல'ன்னு இன்னைக்கும் சொல்லிக்கிட்டே இருக்கான். அந்த சிக்னல் வந்தா ஸ்டியரிங்ல கை கிடந்து நடுங்கும். மூணு வாரமாத் தூங்கலன்னு அவன் பொஞ்சாதி சுனிதா வந்து அழுதா. டாக்டர்ட்ட போவோம்னா, 'எனக்கு என்னல?'ன்னு எரிஞ்சு விழுந்தான். நேராச் சொன்னா வரமாட்டான்னு, 'எனக்குத்தான்ல முடியல, நீ துணைக்கு வா'ன்னு கூட்டியாந்தேன். அவன்ட்ட சொல்லிராதீங்க மாமி."

வாலாம்பாள் பேனாவை எடுத்தாள். நோட்டை இழுத்து, அடுத்த வியாழக்கிழமைக்கு நேராக இரண்டு பெயர்களையும் எழுதினாள். அதற்கடுத்த வியாழனுக்கும் எழுதினாள். அப்புறம் நிமிர்ந்து, மெதுவாகக் கேட்டாள்.

"சரி, உங்களுக்கு?"

"எனக்கு என்ன மாமி?" என்று சிரித்தார் பிரம்மநாயகம். "நான் நல்லாத்தான் இருக்கேன்!"