ரத்தத்தில் இல்லாத மாத்திரை

மலர்க்கொடி தினமும் மாத்திரை விழுங்கினாள். ஆனால் அவள் ரத்தத்தில் மாத்திரையே இல்லை.

தன் மருந்தை ஒழுங்காகப் போடாத கணவன் நீலமேகத்தின் எச்.ஐ.வி. அவளுக்குத் தொற்றாமலிருக்கக் கொடுத்த தடுப்பு மாத்திரை அது. மூன்று மாதத்துக்கொரு முறை செவிலி அன்புக்கரசி திருவொற்றியூர் வீட்டுக்கே வந்து, அவள் விரலில் குத்தி, ஓர் அட்டையில் ரத்தப் பொட்டு வைத்துப் போவாள். காய்ந்த பொட்டை ஆய்வகத்தில் கரைத்தால் கிருமி தெரியும். பல வாரங்களாக விழுங்கிய மருந்தும் தெரியும்.

"ஒரு நாள் மறந்தாக்கூட ரத்தத்துல மருந்து மிச்சம் இருக்கும்மா. உனக்குச் சுத்தமா இல்ல," என்றாள் அன்புக்கரசி, இந்த முறை வந்தபோது.

"டெய்லி முழுங்கிகினுதான்கா கீறேன். ஆஸ்பத்திரிலேந்து வாங்கியாறதே அவருதான். தண்ணிகூட மோந்து குடுப்பாரு."

"அவ மறந்தாலும் நான் வுடமாட்டேன் சிஸ்டர்," என்று சிரித்தான் நீலமேகம்.

அன்புக்கரசி யோசித்தாள். "ஒண்ணுக்கு மஞ்சளாப் போவுதா?"

"ஆமாக்கா. மருந்து வேலை செய்யுதுன்னு அவரு சொன்னாரு."

"அது சத்து மாத்திரைம்மா. அதுதான் அப்படி மஞ்சளாக்கும்."

மலர்க்கொடி கணவனைப் பார்த்தாள். "இன்னாய்யா இது?"

அவன் அன்புக்கரசியின் பக்கம் திரும்பினான். "சிஸ்டர், இவளுக்கு வந்துடுச்சா?"

அன்புக்கரசி தலை குனிந்தாள். அதைச் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள்.

நீலமேகம் நிம்மதியாக மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எனக்கு நோவுன்னு தெரிஞ்சன்னிக்கு எண்ணூர்ல உங்கம்மா வூட்டுக்குப் போறேன்னு பையத் தூக்குனியே. அதான் மாத்திரைய மாத்தி வச்சேன். இனிமே நீ என்னை வுட்டுட்டுப் போவ மாட்ட."